தப்பினவன் என்ன சாட்சி சொல்வது?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கல்முனையில் ஒரு கலியாணத்துக்குப் போய், இரவு வானில் திரும்பி வந்திருக்கிறார்கள். இவர் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். பெரியகல்லாற்றில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது காரணமே இல்லாமல் மனதுக்குள் ஒரு கலக்கம், ‘திரும்பிப் போய் அந்த இடத்தில் இருக்காதே’ என்று யாரோ சொன்னது போல. பின்னால் போய் இருந்துகொண்டார். முன்னால் சபைப் பாடகர் குழுவில் இவரோடு பாடுகிற ஒரு அண்ணர் ஏறினார். களுவாஞ்சிகுடி தாண்டியதும், வெளிச்சம் போடாமல் வீதியோரம் நிறுத்தியிருந்த மண் ரிப்பர் ஒன்றில் வான் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அண்ணர் போய்விட்டார். தம்பிக்குத் தோளில் ஒரு காயம், அவ்வளவுதான். இப்போது அடுத்த மாத ஆராதனையில் சாட்சி சொல்லும்படி போதகர் கேட்கிறார். “தேவன் உங்களோடு பேசினார், அதைச் சபை கேட்க வேண்டும்” என்கிறாராம். இறந்தவரின் மனைவி அதே சபையில் இரண்டு பிள்ளைகளோடு மூன்றாவது வாங்கில் இருப்பா. நான் கேட்டது தேவனுடைய சத்தமா, சாட்சி சொல்லவா விடவா, இதுதான் கேள்வி.

தம்பி, முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில். அடுத்த மாதம் சொல்ல வேண்டாம். ஆறு மாதம் போகட்டும். சொல்லும்போதும், போதகர் எதிர்பார்க்கிற மாதிரி “தேவன் தெளிவாகப் பேசினார், நான் கீழ்ப்படிந்தேன், தப்பினேன்” என்று சொல்ல வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மாதிரி ஒரு சாட்சியைச் சொல்லி, அதன் விலை என்ன என்று பார்த்தவன் நான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நாங்களும் கல்லடியில், கடற்கரைக்குக் கிட்டத்தான் இருந்தோம். அன்று எனக்கு வேதபாடம் வாசிக்கும் முறை. அதனால் வழக்கத்தைவிட முந்தி, மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் புளியந்தீவுக்கு வந்துவிட்டோம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கி இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை என்று ஒன்று அன்றைக்கு இருக்கவும் இல்லை. பாலத்தால் ஆட்கள் நனைந்தபடி ஓடி வரத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது.

ஒரு கிழமை கழித்து, ஜனவரி 2ஆம் திகதி ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். ‘கர்த்தருடைய நாளைக் கனம்பண்ணி ஆலயத்துக்கு வந்தோம், அதனால் அவர் எங்களைக் காத்தார்’ என்று. அழுதுகொண்டு சொன்னேன். நாலைந்து பேர் ஆமென் சொன்னார்கள். முடிந்து வெளியே வந்தபோது மனைவியின் சின்ன மாமா கிணற்றடியில் நின்றார். அவருடைய மகளும் நாலு வயதுப் பேத்தியும் அந்த அலையில் போனவர்கள். கோபப்படவில்லை. மெல்லக் கேட்டார்: “மனே, புள்ளைக்குக் காய்ச்சல். அதுக்காகத்தான் தாயும் கோயிலுக்கு வராம நிண்டவ. காய்ச்சல் வந்தது பாவமா மனே?”

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு படுக்க முடியாமல் வேதாகமத்தைத் திறந்தேன். அதற்கு ஐந்து நாளுக்கு முந்தித்தான், டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகளின் நாள் போயிருந்தது. ஏரோது பெத்லகேமில் கொன்ற ஆண் குழந்தைகளைத் திருச்சபை நினைவுகூருகிற நாள். அந்த நாளில் நாங்கள் இங்கே உண்மையாகவே குழந்தைகளைப் புதைத்துக்கொண்டிருந்தபடியால் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை அன்று இரவு வாசித்தபோதுதான், அதுவரை கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. தேவ வழிநடத்துதலால் ஒரு குழந்தை தப்புகிற கதைகளில் அதைவிடப் பெரிய கதை கிடையாது. சொப்பனத்தில் தூதன் வருகிறான், யோசேப்பு இரவோடிரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறான். மத்தேயு அங்கே நிறுத்திக்கொண்டு ஒரு அல்லேலூயா போட்டிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. உடனே அடுத்த வசனங்களில், தப்பாத பிள்ளைகளைச் சொல்கிறார். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. மத்தேயுவும் சொல்லவில்லை.

இதைக் கண்ட பிறகு வேறு இடங்களையும் பார்த்தேன். அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தது. பேதுரு சிறையில், சபை ஊக்கமாக ஜெபிக்கிறது, தூதன் வந்து விலாவில் தட்டி எழுப்புகிறான், சங்கிலி கழன்று விழுகிறது. ஓய்வுநாள் பாடசாலையில் நாங்கள் இதை நாடகமாகவே போட்டிருக்கிறோம். நாடகத்தில் இரண்டு விஷயம் விடுபட்டுவிடும். ஒன்று, அந்த அதிகாரம் தொடங்கும்போதே யோவானின் சகோதரன் யாக்கோபு பட்டயத்தால் கொலையாகிறார். அவருக்காகச் சபை ஜெபிக்கவில்லையா? அவர் விசுவாசம் குறைந்தவரா? மறுரூப மலையில் பேதுருவோடு கூட நின்றவர் அவர். இரண்டாவது, பேதுரு தப்பிய பிறகு ஏரோது காவற்காரரை விசாரித்துக் கொல்லக் கட்டளையிடுகிறான். பேதுரு வெளியே வந்ததற்காகச் சிலர் செத்தார்கள், தம்பி. லூக்கா அதை மறைக்காமல் ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறார். உங்களுக்கு இப்போது நெஞ்சை அடைக்கிற அதே விஷயம்தான் அங்கே இருக்கிறது.

தப்பித்த ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் தப்பாதவரையும் வைத்துத்தான் வேதாகமம் பேசுகிறது. நம்முடைய சாட்சி மேடையில் மட்டும்தான் இரண்டாவது ஆள் காணாமல் போகிறார்.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார், லூக்கா 13இல். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். இதைவிட நேராக ஒருவர் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நமது ஊரில் யாராவது ஒருவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. ‘அவன் கொஞ்ச நாளாகக் கோயிலுக்கு வரவில்லை’ என்று தொடங்குவார்கள்.

சரி, தொண்ணூற்றோராம் சங்கீதம்? ‘உன் பக்கத்தில் ஆயிரம்பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது’ என்று வாகனங்களிலும் கடைகளிலும் ஒட்டி வைத்திருக்கிறோமே என்று கேட்பீர்கள். நானும் அந்தச் சங்கீதத்தைச் சொல்லித்தான் இப்போதும் படுக்கப் போகிறேன். ஆனால் அதே சங்கீதத்தை இயேசுவுக்கு முன்னால் எடுத்துச் சொன்னவன் யார் என்பதை மறக்கக்கூடாது. தேவாலயத்து உப்பரிகையில் நின்று, ‘கீழே குதியும், தூதர்கள் தாங்குவார்கள்’ என்று பிசாசு காட்டிய வசனம் அந்தச் சங்கீதத்தில் உள்ளதுதான். சங்கீதத்தில் பிழை கிடையாது. அதைக் காப்புறுதிப் பத்திரமாக நீட்டினால் பிழை வருகிறது.

ஆலயத்துக்குள் இருந்தால் ஆபத்து அணுகாது என்று மட்டக்களப்பில் பிறந்த ஒருவரால் எப்படிச் சொல்ல முடியும் என்பது எனக்கு விளங்குவதில்லை. 2005 கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களும் கடவுளுக்கு முன்னால் குனிந்து நின்றவர்கள்தான். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து முப்பது பேரளவில் இறந்தார்கள். அதில் நிறையப் பேர், ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற சிறுவர்கள். குண்டோடு வந்தவன் முதலில் மரியாள் பேராலயப் பக்கம் போனதாகவும், அங்கே பூசை முடிந்திருந்ததால் சீயோனுக்கு வந்ததாகவும் அப்போது செய்திகளில் வந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு, பேராலயத்துக்குப் போகிற என் நண்பர் ஒருவரிடம் “மாதா உங்களைக் காப்பாற்றிப்போட்டா” என்று யாரோ சொல்ல, அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “அங்க போன பிள்ளைகளுக்கு மாதா இல்லையா?” என்றார். அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. அந்த வருடம் இந்த ஊரில் நான் கேட்ட வேதசாஸ்திரத்தில் அதுதான் மேலானது.

அப்படியானால் தேவன் யாரையும் காப்பாற்றுவதில்லை என்று சொல்கிறேனா? இல்லை. நான் காக்கப்பட்டேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அதை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதுதான் விஷயம்.

நாவலடிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல் துண்டு. அங்கே ஒரு கிறிஸ்தவச் சிறுவர் இல்லம் இருந்தது. சுனாமி அலை வருவதைக் கண்டதும் இல்லத்தை நடத்தியவர் இருபத்தெட்டுப் பிள்ளைகளையும் படகில் ஏற்றி, வாவிக்குக் குறுக்கே ஓட்டி, எல்லோரையும் கரை சேர்த்தார். ‘வெள்ளம்போல் சத்துரு வரும்போது’ கர்த்தருடைய ஆவியானவர் கொடியேற்றுவார் என்ற ஏசாயா வசனத்தைச் சொல்லி, இயேசுவின் நாமத்தில் அலையைக் கட்டளையிட்டு நிறுத்தியதாக அவர் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை போன செய்தி அது. அவர் சொன்னதை மறுக்க நான் யார்? அந்தப் படகில் இருந்தவன் நான் இல்லை. நான் கவனிப்பது வேறொன்றை. அவர் ஜெபித்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கவில்லை. ஜெபித்துக்கொண்டே படகை இழுத்தார், பிள்ளைகளைத் தூக்கிப் போட்டார், இயந்திரத்தை முடுக்கினார். பவுல் போன கப்பல் உடைந்தபோதும் இதே கதைதான். அதிலிருந்த 276 பேரில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தேவதூதன் சொல்லியாயிற்று. அப்படியிருந்தும் கப்பலாட்கள் களவாகச் சிறுபடகில் இறங்கப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுல் சொல்கிறார். கடைசியில் நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், தெரியாதவன் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். நாவலடியிலேயே, அதே காலையில், அதே வசனம் தெரிந்த வேறு ஆட்களும் இருந்திருப்பார்கள். அவர்களிடம் படகு இல்லை.

நம்முடைய மெதடிஸ்தச் சபைக்கே இப்படி ஒரு தப்பித்த கதைதான் வேர். 1709 பெப்ரவரியில், இங்கிலாந்தில் எப்வேர்த் என்ற ஊரில் போதகர் வீடு நள்ளிரவில் தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே வந்த பிறகுதான், பிற்காலத்தில் நம் சபையைத் தொடக்கிவைத்த ஜோன் வெஸ்லி, அப்போது ஐந்து வயது, மேல்மாடியில் இருப்பது தெரிந்தது. தகப்பன் உள்ளே போகப் பார்த்தார், படி எரிந்துகொண்டிருந்தது. முழங்காலில் நின்று பிள்ளையின் ஆத்துமாவைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை பிள்ளை போய்விட்டது. ஏணி தேட நேரமில்லை. ஒருவர் சுவரோடு சாய்ந்து நிற்க, இன்னொருவர் அவர் தோளில் ஏறி ஜன்னலால் பிள்ளையை இழுத்தெடுத்தார். அந்தக் கணமே கூரை விழுந்தது. ‘அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி’ என்ற சகரியாவின் வார்த்தையை வெஸ்லி சாகும்வரை தனக்குரியதாக வைத்திருந்தார். 1753இல் நோய் முற்றிச் சாகப்போகிறேன் என்று நினைத்தபோது, தன் கல்லறைக்கென்று அவரே எழுதிய வாசகத்திலும் அந்தக் கொள்ளி இருந்தது. எனக்கு அந்தத் தோளில்தான் கண். தப்புவித்தது தேவன் என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் தேவனுடைய கை அன்று இரவு இரண்டு அயலவரின் உயரமாக இருந்தது.

இனி அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வெஸ்லியின் வழியில் வந்த முதல் மிஷனரிகள் இலங்கைக்குப் புறப்பட்டபோது, தலைவராக வந்த தோமஸ் கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்துபோனார். கூட வந்த வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அதே பயணத்தில் இறந்து, கடலில்தான் அடக்கம். ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் தொடங்கினார், அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஒரு வருடம் ஆகவில்லை, 1815 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். தேவன் தெளிவாக அழைத்து, கடல் தாண்டிக் கொண்டுவந்த ஆள். யாரும் தோளில் ஏறி அவரை இழுத்தெடுக்கவில்லை. அதற்காக அவர் வழிநடத்தப்படவில்லை என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த நான் எப்படிச் சொல்வேன்?

இப்போது உங்களுடைய முதல் கேள்விக்கு வருகிறேன். பெரியகல்லாற்றுத் தேத்தண்ணிக் கடையில் நீங்கள் உணர்ந்தது தேவ சத்தமா?

எங்கள் அம்மாவின் கதை ஒன்று சொல்கிறேன். 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த நாள். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்களுடையது கிடுகு வீடு. பின்னேரம் அம்மா திடீரென்று எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு அயலில் இருந்த கல்வீட்டுக்குப் போய்விட்டா. இரவு எங்கள் வீட்டுக்கு மேல் மூன்று தென்னை விழுந்தது. “கர்த்தர் என்னட்டச் சொன்னார்” என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தா. வயதான பிறகு ஒருநாள் நான் விடாமல் கேட்டேன், எப்படிச் சொன்னார் என்று. யோசித்துப் பார்த்துவிட்டு, “கோழியெல்லாம் கூட்டில அடையாம நிண்டுது மனே, அதைப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்தது” என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. “கோழியைக் கொண்டு அவர் பேசமாட்டாரா?” என்று கேட்டா. எலியாவுக்குக் காகங்கள் அப்பம் கொண்டு வந்ததை நம்புகிற எனக்குத் திருப்பிச் சொல்லப் பதில் இல்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சாரதி அன்று விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவர் என்று. நீங்கள் அவருக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். அவருடைய கண் சொருகியதை, வான் ஒருமுறை இருமுறை ஓரத்துக்கு இழுத்ததை, பேச்சு வேகம் குறைந்ததை உங்கள் புத்தி கவனித்திருக்கும். அதை வார்த்தையில் வைத்திருக்காது, கலக்கமாக மட்டும் வைத்திருக்கும். பின்னால் இருந்தவர்களுக்கு அது வர வாய்ப்பில்லை. இப்படி விளக்கம் சொன்னால் தேவன் அதில் இல்லை என்று அர்த்தமில்லை. அவர் தந்த புத்திதானே. ஆனால் அது விளங்கிக்கொண்ட எச்சரிக்கை இல்லை, விளங்காத ஒரு கலக்கம். இந்த வித்தியாசம்தான் உங்களைக் காப்பாற்றப் போகிறது, சொல்கிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று அந்தக் கடிதம் முழுக்க இருக்கிறது: ஆபத்து என்று தெரிந்தும் ஏன் அண்ணரிடம் சொல்லவில்லை? போதகர் கேட்கிற விதமாக ‘தேவன் தெளிவாகப் பேசினார்’ என்று மேடையில் சொன்னீர்களானால், இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். தெளிவாகக் கேட்டவன் மற்றவரை ஏன் அந்த இடத்தில் இருக்க விட்டான்? அண்ணரின் மனிசி வாய் திறந்து கேட்கமாட்டா, ஆனால் அவவுக்குத் தோன்றும். உங்களுக்கு இரவு இரண்டு மணிக்குத் தோன்றும். உண்மை என்னவென்றால், உங்களுக்குத் தெரியாது. இடம் மாற வேண்டும் போல இருந்தது, மாறினீர்கள். ரிப்பர் நிற்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை மறைத்ததாக உங்களை யாரும் குற்றம் பிடிக்க முடியாது, நீங்களும் பிடிக்கக்கூடாது. சாட்சியைப் பெரிதாக்கினால் குற்றமும் அதோடு பெரிதாகும். சின்னதாக, நடந்தபடி சொன்னால் இரண்டும் அதனதன் அளவில் நிற்கும்.

புனித மிக்கேல் கல்லூரியை நடத்திய இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய இக்னேசியஸ் லொயோலா இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். (மெதடிஸ்தன் ஒருவன் இதைச் சொல்வதற்குப் பழைய கிரிக்கெட் எதிரிகள் என்னை மன்னிக்கட்டும்.) 1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுத்த படுக்கையில்தான், மனதில் வருகிற எண்ணங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகினார். ஒரு எண்ணம் தேவனிடமிருந்து வந்ததா என்று பார்க்க அதன் தொடக்கத்தை மட்டும் பார்க்காதே, நடுவையும் முடிவையும் பார் என்பார். இன்னொன்றும் சொல்வார். தேவன் தொட்ட அந்தக் கணம் வேறு, அதற்குப் பிறகு மனம் சூடாக இருக்கும்போது நாமாகச் சேர்த்துக்கொள்கிற பேச்சு வேறு. உங்கள் கலக்கம் ஒரு கணம். ‘அண்ணர் எனக்குப் பதிலாக எடுக்கப்பட்டார்’, ‘எனக்குப் பெரிய ஊழியம் இருக்கிறது, அதனால்தான் விட்டுவைத்தார்’ என்பதெல்லாம் சவச்சாலையிலும் செத்தவீட்டிலும் ஆட்கள் வந்து சேர்த்தவை. அந்தச் சேர்த்ததைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆதித் திருச்சபையின் ஆயர் ஓகஸ்டீனும் ஒருமுறை இப்படித் தப்பியிருக்கிறார். வழி பிரிகிற இடத்தில் தவறான பாதையில் போய்விட்டார். சரியான பாதையில், திருச்சபையிலிருந்து பிரிந்துபோன டொனாற்றிஸ்டு ஆட்கள் ஆயுதத்தோடு அவருக்காகக் காத்திருந்தது பிறகுதான் தெரிய வந்தது. அவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, உள்ளுணர்வும் வரவில்லை, சும்மா வழி தவறினார். தேவன் காத்தார் என்று நன்றி சொன்னார். அதற்காக, வழி தவறுவது நல்லது என்று போதிக்கத் தொடங்கவில்லை.

உள்ளுணர்வுகளைப் பற்றி இன்னொரு கசப்பான விஷயமும் இருக்கிறது. ‘மனசு என்னவோ சொல்லுது’ என்று நாம் பயணத்தை நிறுத்திய, இடம் மாறிய எத்தனையோ நாட்களில் ஒன்றுமே நடக்கவில்லை. அவற்றை மறந்துவிடுகிறோம். நடந்த ஒன்றுதான் மனதில் நிற்கிறது. கிரேக்க தேசத்தில் தியாகொரஸ் என்று ஒருவரிடம், கப்பல் சேதத்தில் கடவுளுக்கு நேர்ந்து தப்பியவர்கள் கோயிலில் வைத்த படங்களைக் காட்டினார்களாம். மூழ்கிப்போனவர்களின் படம் எங்கேயும் இல்லையே என்று அவர் திருப்பிச் சொன்னதாக ரோம எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்து நடந்து போகிறவர்களைக் காணும்போது எனக்கு இது ஞாபகம் வரும். அந்தக் கூட்டத்தில் பிள்ளை பிழைத்ததற்காக நடக்கிற தாயும் இருக்கிறா, பிள்ளை போன பிறகும் நடக்கிற தாயும் இருக்கிறா. தியாகொரஸ் இந்த இரண்டாவது தாயைக் கண்டிருக்கமாட்டார்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பின்னேரம் மறுபடியும் சுமாத்திராவில் நில நடுக்கம், சுனாமி எச்சரிக்கை. கடற்கரை ஊர்கள் எல்லாம் எழும்பி உள்ளுக்கு ஓடின. அலை வரவில்லை. அந்த நாளைப் பற்றி யாரும் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. 2004இல் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அப்படியொரு எச்சரிக்கை வந்திருந்தால், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் போன உயிர்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்? என்னைக் கேட்டால், அந்த எச்சரிக்கை முறையும் தேவ வழிநடத்துதலில்தான் சேரும். அதனால் உங்கள் சாட்சியில் ரிப்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரவில் விளக்குப் போடாமல் வீதியோரம் மண் வாகனம் நிறுத்துவதும், நித்திரை இல்லாத சாரதியை நாமே “இன்னும் கொஞ்சத் தூரம்தானே” என்று ஓட்டச் சொல்வதும் தேவசித்தம் இல்லை. நம் ஊரில் வாகனம் இடது பக்கத்தால் போகிறது, முன் இருக்கை ஆள் இடது கரையில் இருக்கிறார். ஓரத்தில் நிற்கிற வாகனத்தில் மோதினால் அடி முதலில் அவருக்குத்தான். அண்ணர் ஆசனப் பட்டி போட்டிருந்தாரா? இதையெல்லாம் சொல்லாமல் ‘தேவன் எடுத்துக்கொண்டார்’ என்று முடித்தால், பிழையை அவர் தலையில் கட்டிவிட்டு நாம் கை கழுவுகிறோம்.

உடம்பைப் பற்றியும் ஒன்று. நித்திரை வருவதில்லை, கண்ணை மூடினால் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் சில கிழமைகளுக்கு அது எவருக்கும் வரும், விசுவாசக் குறைவு இல்லை. ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். சுனாமிக்குப் பிறகு நான் போகவில்லை, ஜெபம் போதும் என்று இருந்தேன். இரண்டு வருடம் மழைச் சத்தத்துக்கே எழும்பி உட்கார்ந்தேன்.

சின்ன மாமாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது. ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய், சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தும், “மாமா, அண்டைக்கு நான் சொன்னது...” என்றதோடு நின்றுவிட்டேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “இரி மனே, ஒள்ளுப்பம் தேத்தண்ணி குடி” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. நான் போவதும் நிற்கவில்லை.

அதனால் மேடைக்கு ஏறுவதற்கு முன் நீங்கள் போக வேண்டிய இடம் அண்ணரின் வீடு. போதகரோடு போக வேண்டாம், உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அக்கா கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள், தேத்தண்ணிக் கடையில் இடம் மாறியதையும் சேர்த்து. அவ அதை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக்கூடாது. கேட்காவிட்டால் நீங்களாகத் தொடங்க வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம். அவ கோபப்பட்டால் இருந்து கேளுங்கள். ஏன் என்று கேட்டால், தெரியாது அக்கா என்று சொல்லுங்கள், வசனம் எதுவும் எடுக்க வேண்டாம். வெறுங்கையோடு போகாமல் கொஞ்சம் சீனி, தேயிலை, பிள்ளைகளுக்குப் பால்மா என்று ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். மூத்தவன் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டு வையுங்கள். புது வருடத்துக்குக் கொப்பி வாங்க வேண்டி வரும். அந்த வீட்டில் அதை வாங்கிக் கொடுத்தது இதுவரை அவனுடைய அப்பாதான்.